ஐந்தாம் தரத்தின் கண்ணாடி அலுமாரி

பாதையில் ஆற்றைக் கடக்கும்போது என் கையில் எப்போதும் ஒரு உரப்பை இருக்கும். உள்ளே வெறும் போத்தல், சிரட்டை, யோகட் கோப்பை, பழைய சட்டைக் கொழுவி என்று ஏதாவது கிடக்கும். வாவியை எங்கள் சனம் ஆறு என்றுதான் சொல்லும். மோட்டார் சைக்கிளையும் ஆட்களையும் ஆட்டுக்குட்டிகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அதைக் கடக்கிற இரும்பு மிதவைக்குத்தான் பாதை என்று பேர். அதை ஓட்டுகிறவர் ஒருநாள், ரீச்சர் பழைய போத்தல் யாவாரம் தொடங்கிவிட்டாவா என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார். நானும் எல்லோருக்கும் கேட்க ஒரு பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் பையைப் பற்றிப் பேசுவதில்லை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். இந்த வாய்க்காகத்தான் ஒவ்வொரு இடமாற்றத்திலும் உன்னை ஆற்றுக்கு அங்கால் தள்ளுகிறார்கள் என்று என் கணவர் சொல்வார். வீடு குருக்கள்மடத்தில், கடலோடு. பள்ளிக்கூடம் மண்டூருக்கும் அங்கால், வயல் தொடங்குகிற இடத்தில். ஐந்தாம் தரத்தோடு முடிந்துவிடுகிற சின்னப் பள்ளிக்கூடம். ஆறாம் தரத்துக்குப் போகிற பிள்ளை பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போக வேண்டும். இதைச் சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஏனென்றால் நான் சொல்லப்போகிற பிள்ளையின் தலைவிதி அந்த பஸ்ஸில்தான் இருந்தது.

அவள் ஐந்தாம் தரத்துக்கு வந்தபோது அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கொஞ்சம் தடக்கித் தடக்கி வாசிப்பாள் என்று நினைக்க வேண்டாம். ஓர் எழுத்தும் தெரியாது. அவள் முதலாம் தரத்தில் சேர்ந்த வருடம் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பாடம் போனில் வந்தது, அவள் வீட்டில் போன் இல்லை. பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, பெட்ரோல் இல்லாமல் போனது, ரீச்சர்மார் வரிசையில் நின்றார்கள், பிள்ளைகள் வீட்டில் நின்றார்கள். எழுத்துப் படிக்கிற வயதை இப்படி யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வந்த ஒவ்வொரு ரீச்சரும் அவளைக் கடைசி வரிசைப் பின்வாங்கில் இருத்தி, அடுத்த தரத்துக்கு ஏற்றிவிட்டு, நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கிறார்கள். அவள் தொந்தரவு தராத பிள்ளை. கரும்பலகையில் இருப்பதை அச்சுப்பிசகாமல் பார்த்து எழுதுவாள். கொப்பியைத் திறந்தால் கையெழுத்து அழகாக இருக்கும். வாசி என்றால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவளுடைய அப்பா ஆற்றில் இறால் பிடிக்கிறவர். முதல் தவணையிலேயே அவரைக் கூப்பிட்டுப் பேசினேன். நல்ல மனிதர், பிள்ளையை அடிக்கிறவரும் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. அவர் ஒன்றைத்தான் சொன்னார்.

"ரீச்சர், இந்த வருசம் முடியிறதுக்குள்ள அவளுக்கு வாசிக்கத் தெரிஞ்சா நான் பஸ்ஸுக்கு அனுப்புறன். தெரியாட்டி எனக்கு அனுப்ப ஒண்ணா. அங்க போயும் பின்வாங்கில கிடக்கிறதுக்கு, வீட்ட நிண்டு சின்னவனப் பாக்கட்டும்."

கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். அந்தச் சட்டம் வந்து சின்னவனைப் பார்த்துக்கொள்ளுமா என்று கேட்டார். அவருடைய மனைவி கூலிக்கு வட்டைக்கு, வயல் வேலைக்கு, போகிறாள், காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவாள். எனக்கு அவரோடு சண்டை பிடிக்கக்கூட முடியவில்லை. சரி, இந்த வருடத்துக்குள் அவளுக்கு எழுத்தைக் காட்டிவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னதோடு சரி, வழி தெரியவில்லை. அரிச்சுவடியைக் கொடுத்துப் பார்த்தேன். அட்டையில் எழுத்தெழுதிக் காட்டினேன். பத்து வயதுப் பிள்ளைக்கு முதலாம் தரப் புத்தகத்தை நீட்டினால் அதற்கு வெட்கம் வருமா வராதா? மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரவில்லை.

சுற்றாடல் பாடத்துக்குச் செயற்பாடுகள் என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளைகள் கையால் செய்து படிக்க வேண்டும். அந்தப் பகுதியைப் பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் வாயால் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். என் உரப்பை அதற்காகத்தான். சிரட்டையும் சட்டைக் கொழுவியும் வைத்துத் தராசு செய்தோம். மழை அளக்கப் போத்தலை வெட்டி முற்றத்தில் வைத்தோம். யோகட் கோப்பைகளில் ஈரப் பஞ்சு வைத்து நெல், சோளம், பயறு, கௌபி எல்லாம் முளைக்கப் போட்டோம். பேர் எழுதிய துண்டுகளைக் கோப்பையில் ஒட்டுகிற வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அவள் தன்பாட்டில் ஒட்டினாள். எது எதில் ஒட்டப்பட்டது என்று நான் பார்க்கவில்லை, வேறு கரைச்சல் இருந்தது.

முளைகள் விரல் அளவுக்கு வந்த பிறகு, முன்வாங்குக்காரி ஒருத்தி ஒவ்வொரு கோப்பையாகப் பேரை உரக்க வாசித்துக்கொண்டு போனாள். நெல் என்று வாசித்த இடத்தில் நான் சொல்கிற பிள்ளை அவளை மறித்தாள். இது நெல் இல்லை, சோளம் என்றாள். இரண்டும் முளையில் புல் மாதிரித்தான் இருக்கும், எனக்கே சட்டென்று பிடிபடாது. வட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்குமா? துண்டில் நெல் என்றுதான் போட்டிருக்கிறது என்று மற்றவள் விடாப்பிடியாக நின்றாள். அப்போது இவள் அந்தத் துண்டையும் பக்கத்துக் கோப்பைத் துண்டையும் பிய்த்து, இடம் மாற்றி ஒட்டிவிட்டு, இரண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள், நெல் சின்னப் பேர், சோளம் பெரிய பேர் என்று.

நான் அந்த நேரம் அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன், பிள்ளை வெட்கப்படும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்களுக்கு வழி தெரிந்துவிட்டது. கையில் சாமான் இருந்தால் அவளுக்கு அதன் பேர் பிடிபடும். கிணற்றுத் தண்ணீரை வடிக்கப் போத்தலில் மணல், கரி, கல் என்று அடுக்கினோம். அதற்கும் பேர்த் துண்டு ஒட்டினாள். நெல்லின் கடைசி எழுத்து மணலிலும் கல்லிலும் கிடக்கிறது என்று அவளாகவே கண்டுபிடித்தாள். அந்த எழுத்துக்குச் சத்தம் என்ன என்று கேட்டேன். நெல் என்று மெல்லச் சொல்லிப் பார்த்து, கடைசிச் சத்தத்தை மட்டும் நாக்கில் பிடித்து வைத்துக்கொண்டு எனக்குக் காட்டினாள். ஒரு பிள்ளை எழுத்தைக் கண்டுபிடிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் சொல்லிக்கொடுப்போம், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் தவணையில் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஐந்தாம் தரப் பெற்றோருக்குப் புலமைப்பரிசில் பரீட்சையைத் தவிர வேறு உலகம் இல்லை. மற்றப் பள்ளிக்கூடங்களில் விடியமுதல் வினாத்தாள் செய்விக்கிறார்கள், ரியூஷனும் இருக்கிறது, இங்கே என்னடா என்றால் பிள்ளை சட்டையெல்லாம் களிமண்ணோடு வருகிறான் என்றார்கள். ஒருவர் எழுந்து, மண் கிண்டப் பழக்குவதற்கா பள்ளிக்கூடம் அனுப்பினோம், அதை நாங்களே வட்டைக்குள் காட்டிக்கொடுப்போமே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் மூக்குச் சிவந்துவிட்டது. இந்த மண்ணை நீங்கள் காட்டினால் அவன் கூலிக்காரன், நான் காட்டினால் அவன் படிக்கிறான் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. பள்ளிக்கூடத்து அதிபர் சேர் அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இருந்தவர், களைத்துப்போனவர், யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிறவர். மேலிடத்திலிருந்து பள்ளிக்கூடத்தை மதிப்பிட ஒரு குழு வரவிருந்தது. குழுவுக்குச் செயற்பாடுகள் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். குழு வந்து போகும்வரைக்கும் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள், அதற்குப் பிறகு வினாத்தாள்தான் என்றார். நான் சரி என்றேன். அவள் அதற்குள் வாசித்துவிடுவாள் என்று நம்பினேன்.

குழுவுக்காகத்தான் ஆற்றைச் செய்தோம். பெரிய பலகையில் களியால் ஆறு, அதன் இரு கரை, கடலோரம், வயல், பாதை போகிற இடம், எல்லாம். மழைக் காலத்தில் முகத்துவாரத்து மணலை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவார்களே, அதையும் செய்தோம். மணல் அடைத்திருக்கும்போது தண்ணீர் ஊற்றினால் வயல் மூழ்கும், வெட்டிவிட்டால் வற்றும். வயல்காரரின் பிள்ளைகள் உடனே வெட்டு என்பார்கள், மீன்காரரின் பிள்ளைகள் இப்போது வெட்டினால் இறால் போய்விடும் என்பார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிந்து அடிபடும். ஊருக்கு ஊர் குண்டூசியில் கொடி குத்தி அதில் பேர் எழுதினோம். கொடியை எங்கே குத்துவது என்று அவள் சொல்வாள், அப்பாவோடு தோணியில் போய்ப் பழகியவள். கொடியில் உள்ள பேரை இப்போது எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் குத்துவாள். மண்டூருக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. காத்தான்குடிக்கு ஒரு பாடவேளை முழுவதும் எடுத்தாள். ஆனாலும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் குத்தினாள்.

குழு வருகிற நாள் காலையில் அதிபர் சேர் என்னிடம் வந்து, அந்தப் பிள்ளையைத் தேத்தண்ணீர் பரிமாறுகிறவர்களோடு விடச் சொன்னார். வாசிக்கத் தெரியாத பிள்ளையிடம் அவர்கள் ஏதாவது கேட்டுவிட்டால் பள்ளிக்கூடத்துக்கு அவமானம் என்றார். நான் முடியாது என்றேன். அவள் வகுப்பில் இல்லாவிட்டால் நானும் இல்லை, நானே தேத்தண்ணீர் ஊற்றுகிறேன் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

குழுவில் வந்த பெரியவர் நேரே ஆற்றுப் பலகைக்குத்தான் வந்தார். யார் இதைப் பற்றிச் சொல்வது என்று கேட்டார். முன்வாங்கு முந்திக்கொண்டது, ஆனால் தண்ணீர்ப் போத்தல் அவள் கையில் இருந்தது. அவள் ஊற்றினாள். வயல் மூழ்கியது. முகத்துவாரத்தை விரலால் வெட்டிவிட்டு, இப்போது எங்கள் அப்பாவுக்குக் கோபம் வரும் சேர் என்றாள். அந்த மனிதர் அப்படிச் சிரித்தார். தண்ணீர் வற்றுவதைக் குனிந்து நின்று கடைசிவரை பார்த்தார், படம் எடுத்தார், பதிவேட்டில் அரைப் பக்கத்துக்கு எழுதினார். இந்த வகுப்பறையை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் முன்மாதிரியாகக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று பாதையில் வரும்போது எனக்கு ஆறு முழுவதும் என்னுடையது போல இருந்தது. அந்த வருடத்தில் நான் சந்தோசமாக இருந்த கடைசி நாள் அதுதான்.

முன்மாதிரி என்றால் அடுத்தடுத்து ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பார்க்க வருகிறபோது சாமான்கள் உடைந்திருக்கக் கூடாது. எங்கள் பள்ளிக்கூடங்களில் நல்ல சாமான் ஒன்று வந்தால் முதலில் அதற்குப் பூட்டுத்தான் தேடுவார்கள். பூகோள உருண்டை அதிபரின் அறையில் பூட்டிக் கிடக்கும், நுணுக்குக்காட்டி பெட்டியோடு கிடக்கும், உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். எங்கள் சிரட்டைத் தராசும் களி ஆறும் பாராட்டு வாங்கியதும் நல்ல சாமானாகிவிட்டன. வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் பெரிய கண்ணாடி அலுமாரி வாங்கிக் கொடுத்தார். நாடா வெட்டி, விளக்கேற்றி, அதை எங்கள் வகுப்பில் வைத்தார்கள். ஆற்றுக்கு நீல இனாமல் மை பூசினார்கள், இனி அதில் தண்ணீர் ஊற்ற முடியாது. முளைப் பயிர்கள் வாடிவிடும் என்று காத்தான்குடிக் கடையில் பிளாஸ்டிக் செடி வாங்கிக் கோப்பைகளில் நட்டார்கள். நெல் என்ற கோப்பையிலும் சோளம் என்ற கோப்பையிலும் ஒரே ரோசாச் செடி. நான் கத்தினேன். அதிபர் சேர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்களுடைய பிள்ளைகள் செய்ததை இவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறோம், இதற்கும் கோபமா என்று கேட்டார். அவர் மெய்யாகவே விளங்காமல்தான் கேட்டார்.

அலுமாரியைப் பூட்டினார்கள், திறப்பு அவருடைய மேசை லாச்சிக்குள் போனது. வகுப்பில் வினாத்தாள் தொடங்கியது. காலையில் ஒன்று, பகலில் ஒன்று, பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலை வகுப்பில் ஒன்று. சரியான விடையின் கீழ்க் கோடிடுக, இடைவெளி நிரப்புக. அவள் பின்வாங்குக்குத் திரும்பிப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. வினாத்தாளின் முதல் வினாவை அழகான கையெழுத்தில் அப்படியே பார்த்து எழுதிவிட்டு, மேசையில் தலையை வைத்துக்கொள்வாள்.

நான் சும்மா இருக்கவில்லை. பேர்த் துண்டுகளை மறுபடி எழுதி இடைவேளையில் அவளை இருத்தி வைத்துக் காட்டினேன். அவள் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாமான் எங்கே ரீச்சர் என்று கேட்டாள். மறுபடி சிரட்டையும் போத்தலும் கொண்டுவந்தேன். மாலை வகுப்புக்கு வருகிற பெற்றோர் கண்டுவிட்டு அதிபரிடம் போனார்கள், ரீச்சர் இன்னும் குப்பைதான் கொண்டு வருகிறா என்று. பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைத்துப் படிப்பிக்கலாம் என்று பார்த்தால் அவள் சின்னவனைப் பார்க்க ஓட வேண்டும். எனக்கும் பாதை போய்விடும். ஒரு பிள்ளைக்குக் கொடுக்க ஒரு பாடவேளை இல்லாத பள்ளிக்கூடத்தில் நான் என்னத்துக்கு இருக்கிறேன் என்று பல நாள் யோசித்தேன். பதில் வரவில்லை, சம்பளம் வந்தது, போய்க்கொண்டிருந்தேன்.

பரீட்சை வந்தது, போனது. பேனையைக் கோயிலில் வைத்துப் பூசை செய்து கொடுத்தோம். அவளுக்கும் கொடுத்தோம். பரீட்சைப் பேறு வந்தபோது வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளைகளின் படத்தைப் போட்டு வாசலில் பதாகை கட்டினார்கள். அதில் இருந்த பிள்ளைகளையும் நான்தான் படிப்பித்தேன், எனக்கு அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பதாகைக்குக் கீழே நடந்து ஒவ்வொரு நாளும் உள்ளே போக எனக்கு ஆத்திரமாக வரும்.

வருடக் கடைசியில் அவளுடைய அப்பா வந்தார். நான் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார், மனைவிக்கு ஆடைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது, விடியப் பஸ் வந்து ஏற்றும், இனி மகள் வீட்டில்தான். நான் எழுத்து கொஞ்சம் பிடித்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"வாசிக்கிறாளா ரீச்சர்?"

நான் மேசையில் கிடந்த வினாத்தாள்களை அடுக்கினேன். அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. ரீச்சர் பாடுபட்ட நீங்கதான், எனக்குத் தெரியும் என்று சொல்லி, கையில் கொண்டுவந்த இறால் பையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

தவணை முடிகிற கிழமை வகுப்பைக் கூட்டிக் கழுவ அவளும் வந்திருந்தாள். அடுத்த வருடம் இன்னொரு குழு பார்க்க வருகிறது என்று, அதிபர் சேர் முதல்நாள் ஒரு தாளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அலுமாரிக் கண்ணாடியில் ஒட்டுவித்திருந்தார். மற்றப் பிள்ளைகள் வாளியில் தண்ணீர் அள்ளப் போயிருந்தார்கள். நான் மேசையில் பதிவேட்டுக்குப் புள்ளி ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் அலுமாரிக்கு முன்னால் நின்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். விரல் அந்தத் தாளின்மேல் எழுத்தெழுத்தாக நகர்ந்தது. கடைசிக்குப் போய், திரும்ப முதலுக்கு வந்து, மறுபடி தொடங்கினாள்.

பிறகு அவள் அதை முழுதாகச் சொன்னாள். வகுப்புக்கே கேட்கிற மாதிரி, ஒரு இடத்திலும் தடக்காமல்.

"தொட வேண்டாம்."

திரும்பி என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அந்தப் பிள்ளையிடம் நான் கண்டதில்லை. சரியா ரீச்சர் என்று கேட்டாள். சரி என்றேன். மிகச் சரி என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் மறுபடி தாளைப் பார்த்தாள், உள்ளே இருந்த நீல ஆற்றைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது, இப்போதுதான் வாசித்ததன் கருத்து அவளுக்குள் போயிருக்க வேண்டும்.

"இது நமக்கும்தானா ரீச்சர்?"

ஓம் என்றேன். அவள் கண்ணாடியில் பதிந்திருந்த தன் விரல் அடையாளத்தைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு, கூட்டுவதற்குத் தும்புத்தடியை எடுக்கப் போனாள்.